வடக்குப் பார்த்த வீடு, முன்னால் 28க்கு 12 அடி: முழுசும் புல் போடலாமா?

வடக்குவாசல்

எல்லாருக்கும் வணக்கம். மனை 40க்கு 60, வடக்கு வாசல், செங்கல்பட்டுப் பக்கம். தரைத்தளமும் ஒரு மாடியும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து உயரம் 22 அடி. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் 12 அடி. மேற்கு ஓரம் 12 அடி அகலம் காருக்கு (வீட்டுக்குள் 6 அடி வாங்கி மொத்தம் 18 அடி நீளம்). மிச்சம் 28க்கு 12 தோட்டத்துக்கு. வாஸ்துப்படி சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) வடகிழக்கு மூலையில், செப்டிக் டேங்க் வடமேற்கில், அதாவது கார் நிற்கிற இடத்துக்கு அடியில். களிமண். போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1400. பெயின்ட் வேலை நடக்குது.

எண்ணம் இதுதான்: 28க்கு 12 முழுசும் கொரியன் புல், சுவரை ஒட்டிப் பூச்செடி, ஒரு மரம், காருக்குப் பேவர் பிளாக். செம்மண் எத்தனை யூனிட் சொல்லணும்? எந்த மரம் வைக்கலாம்?

மட்டக்குழாய்

செம்மண் லாரிக்குப் போன் பண்ணும் முன் மூணு மட்டம் எடுத்துப் போடுங்க: ரோட்டு மட்டம், கேட் அடி மட்டம், வீட்டு பிளின்த் (அடித்தள மேடை) மட்டம். ட்யூப் லெவல் (தண்ணி நிரப்பின குழாய்) போதும். பெயின்ட் நடக்குதுன்னா மேஸ்திரி இன்னும் சைட்டில்தான் இருப்பார், அரை மணி நேர வேலை.

வீட்டிலிருந்து கேட் பக்கம் வாட்டம் 100க்கு 2 வேணும். 12 அடிக்கு அது கிட்டத்தட்ட 3 அங்குலம். தோட்ட மண்ணின் மேல்மட்டம் பிளின்த் பீமுக்கு மேல் போகும் ஈரத்தடுப்புப் பூச்சுக்குக் குறைஞ்சது 6 அங்குலம் கீழே நிற்கணும். செம்மண்ணைக் கொட்டிச் சுவரோடு அணைத்து வெச்சா, முதல் ஐப்பசி மழையிலேயே ஹால் சுவரில் அடியிலிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பெயின்ட் பொரியும். வெளியே தெரியற தப்பை உள்ளே பட்டி பார்த்துச் சரி பண்ண முடியாது.

அதனால "சுவரை ஒட்டிப் பூச்செடி" வேண்டாம். சுவரிலிருந்து ஒரு அடி விட்டு, அந்த ஒரு அடியில் 20 மி.மீ. ஜல்லியோ கூழாங்கல்லோ நிரப்புங்க. கரையான் மருந்து அடிச்ச மண்ணும் அந்த ஓரத்தில்தான் இருக்கு. கீரை, புதினா எதுவும் அங்கே போடக் கூடாது.

நாற்றங்கால்

மட்டக்குழாய் சார் தண்ணியைச் சொல்லிட்டார், நான் வெயிலைச் சொல்றேன். முழுசும் கொரியன் புல் உங்க இடத்தில் நிற்காது. காரணம் மண்ணும் இல்லை, தண்ணியும் இல்லை. வடக்கு வாசல்.

சென்னை, செங்கல்பட்டு 13 டிகிரி அட்சத்தில் இருக்கு. மார்கழியில் உச்சி வேளையிலும் சூரியன் தலைக்கு நேரா வராது, 36 டிகிரி தெற்கே சாய்ஞ்சு நிற்கும். அப்போ ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் முக்கால் பங்கு நீளத்துக்கு வடக்கே விழும். உங்க வீடு 22 அடி, நிழல் 16 அடி. தோட்டமே 12 அடிதான். ஆக காம்பவுண்டையும் தாண்டி ரோட்டில் போய் விழுது. ஐப்பசி நடுவிலிருந்து மாசி தொடக்கம் வரை கிட்டத்தட்ட இதே கதை. கொரியன் புல்லுக்கு நாளுக்கு 5, 6 மணி நேரம் நேர் வெயில் வேணும். நிழலும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருது பாருங்க, அதுதான் வினை. வட்டம் வட்டமா பூஞ்சாணம் பிடிச்சுப் பழுப்பாகும், இடையில் பாசி ஏறும். தையில் பார்த்தா பாதிப் புல் இருக்காது.

வேடிக்கை என்னன்னா, சித்திரை நடுவிலிருந்து ஆவணி தொடக்கம் வரை சூரியன் வடக்கே சாய்ஞ்சு போகும். அப்போ உங்க வடக்குச் சுவரின் அடியில் காலையும் மாலையும் நேர் வெயில் அடிக்கும். "நிழல்தானே"ன்னு நம்பிப் பீஸ் லில்லி, பெரணி வெச்சா வைகாசியில் இலை கருகும். வடக்குப் பக்கம் வைக்கிற செடி ரெண்டையும் தாங்கணும்.

வடக்குவாசல்

புல் போடுறவர் வந்து பார்த்துட்டு "எல்லா இடத்திலும் வரும் சார், மெக்சிகன் போட்டுடலாம்"னு சொன்னார். அவர் வந்தது போன வாரம்.

நாற்றங்கால்

இது ஆனி மாசம். இப்போ வந்து பார்த்தா உங்க முன்வாசல் முழுக்க வெயில்தான் தெரியும். மெக்சிகன் வேகமா பரவும், ஆனா அதுக்கும் வெயில் வேணும், வெட்டும் வேலையும் கூடுதல். நிழல் தாங்கும் புல்னா எருமைப் புல்லைச் சொல்லலாம், அகல இலை. அதுவும் முழு நிழலில் நெட்டி நெட்டியா ஓடும்.

கோரையும்_நானும்

எருமைப் புல்லை இவ்வளவு மட்டமா பேச வேண்டாம். ரெண்டரை, மூணு அங்குலத்துக்குக் கீழே ஒட்ட வெட்டாம விட்டா வடக்கு வாசலிலும் பச்சையா நிற்கும். கொரியனை வெட்டுற மாதிரி வழிச்சு எடுக்கறதாலதான் பேர் கெட்டுது. ஆனா வெறுங்காலில் நடக்க மெத்துன்னு இருக்காது, அதை முதல்லயே வீட்டில் சொல்லிடுங்க.

எந்தப் புல்லா இருந்தாலும் செம்மண் கணக்கு: 28 × 12 × அரை அடி = 168 கன அடி. யூனிட் 100 கன அடி, அப்போ 1.7 யூனிட். தண்ணி பட்டதும் அமுங்கும், 2 யூனிட் சொல்லணும். புல்லைக் குறைச்சா இதுவும் குறையும்.

முக்கியமானது, மண் வந்த அன்னைக்கே புல்லைப் பதிக்காதீங்க. ஏரிக்கரை மண், வயல் மண் எது வந்தாலும் கோரைக்கிழங்கு கூடவே வரும். மண்ணைப் பரப்பி, மட்டம் பண்ணி, மூணு வாரம் தினமும் தண்ணி மட்டும் விடுங்க. கோரை முளைச்சு 3, 4 இலை விட்டதும் கொத்தால் ஆழமா நெம்பிக் கிழங்கோட எடுங்க. கையால் இழுத்தா தண்டு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். ஒண்ணுக்கு மூணா திரும்ப வரும். இதை ரெண்டு தடவை பண்ணிட்டுப் புல் போட்டா பிழைச்சீங்க. புல் பரவின பிறகு கோரை வந்தா, புல்லைக் கிழிக்காமல் எடுக்க வழியே இல்லை.

மட்டக்குழாய்

களிமண் மேல் அரை அடி செம்மண் பரப்பினா இன்னொரு சங்கடம். செம்மண் குடிச்ச தண்ணி களிமண் வரைக்கும் இறங்கி அங்கே நிற்கும், தாம்பாளத்தில் மண் வெச்ச மாதிரி. மேலே காய்ஞ்சு தெரியும், வேர் அழுகிட்டிருக்கும்.

சோதனை சுலபம். ஒரு அடிக்கு ஒரு அடி குழி தோண்டித் தண்ணி நிரப்பி வடிய விடுங்க. திரும்ப நிரப்பி மணி பாருங்க. 4 மணி நேரம் கழிச்சும் தண்ணி நிற்குதுன்னா அது மேலேயிருந்து உரம் போட்டுச் சரியாகிற மண் இல்லை. பாத்தியை உயர்த்திக் கட்டுங்க, 9 அங்குலம். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தா இளகும்னு சொல்வாங்க. கொஞ்சமா கலந்தா செங்கல் மாதிரி இறுகும். ஜிப்சமும் எல்லாக் களிமண்ணுக்கும் மருந்து கிடையாது, களர் மண்ணுக்குத்தான்.

வடக்குவாசல்

இன்று குழி தோண்டினேன். காலை 8 மணிக்கு ரெண்டாம் தடவை நிரப்பினது, மதியம் 2 மணிக்கும் பாதி இருந்தது. கூடவே இன்னொண்ணு: ஒரு அடிக்குள்ளேயே உடைஞ்ச செங்கல், சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியா சிமெண்ட் கலவை, டைல்ஸ் துண்டு. மேஸ்திரி "அது கிடக்கட்டும் சார், வடிகாலுக்கு நல்லது"ங்கறார்.

நாற்றங்கால்

நல்லது இல்லை. செங்கல் துண்டு கிடந்தாக்கூடப் பரவாயில்லை. கலவை போட்ட இடம், கலவைச் சட்டி கழுவின இடம், சுண்ணாம்பு நனைச்ச இடம், இந்த மூணையும் கண்டுபிடிச்சு ஒண்ணரை அடி ஆழத்துக்கு அள்ளி வெளியே போடுங்க. எங்கேன்னு தெரியலைன்னா மண்ணைக் கொஞ்சம் எடுத்து வினிகர் விடுங்க. புஸ்னு நுரைச்சா சுண்ணாம்பு.

அந்த மண்ணில் இட்லிப்பூ வெச்சா ரெண்டாம் மாசமே இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா கோடு போட்ட மாதிரி தெரியும். கடையில் யூரியா போடச் சொல்வாங்க. அது தழைச்சத்துக் குறை இல்லை. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேர் எடுக்க முடியாத நிலை. தழைச்சத்துக் குறைன்னா கீழே இருக்கிற முதிர்ந்த இலை முதலில் வெளுக்கும், இரும்புன்னா நுனிக் கொழுந்து. அப்படிப் பார்த்துப் பிரிச்சுக்கலாம். இலையில் தெளிக்க அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே சிட்ரிக் ஆசிட் 1 கிராம், சாயங்காலம் மட்டும். ஆனா சுண்ணாம்பு உள்ளே இருக்கிற வரை இது தலைவலித் தைலம் மாதிரிதான்.

உங்க 1400 டிடிஎஸ் தண்ணிக்கும் இட்லிப்பூ முகம் சுளிக்கும். அரளி, காகிதப்பூ, பெருங்கள்ளி அதை மதிக்காது.

சம்ப்மூடி

யாரும் செப்டிக் டேங்கைப் பத்திப் பேசலையே. அதுக்கு மேல் கார் நிறுத்தப் போறார்.

மட்டக்குழாய்

பேசத்தான் இருந்தேன். டேங்க் மேல் என்ன மூடி? ஆள் நடக்கிற கணக்குக்குப் போட்ட 3, 4 அங்குல ரெடிமேட் ஸ்லாப்னா அதன் மேல் பேவர் பதிச்சுக் கார் ஏத்தறது ஆபத்து. காரின் எடைக்கு ஸ்லாபின் கனமும் கம்பியும் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தரணும், இணையத்தில் யார் சொல்லியும் போடாதீங்க. திறக்கிற மூடி கனரக வார்ப்பு மூடியா, சக்கரம் ஓடுற தடத்துக்கு நடுவில் வரணும். அதைப் பேவருக்கு அடியில் புதைக்கக் கூடாது. கழிவு எடுக்கற லாரிக்காரர் வந்து நிற்கும்போது எந்த பிளாக்குக்கு அடியில் மூடின்னு யாருக்கும் தெரியாது.

அடுத்து பேவர். கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ., நடைபாதைக்கு 60 போதும். கீழே வரிசை: களிமண்ணைச் சுரண்டி அமுக்கி, அதன் மேல் வெட் மிக்ஸ் (தண்ணி கலந்த ஜல்லிக் கலவை) 6 அங்குலம் ரெண்டு அடுக்கா, ஒவ்வொரு அடுக்கும் தண்ணி தெளிச்சு ரோலரோ பிளேட் காம்பாக்டரோ ஓட்டி, அதன் மேல் மணல் ஒரு அங்குலம், அவ்வளவுதான். மட்டம் சரி இல்லாத இடத்தில் மணலை 3 அங்குலம் போட்டு நிரவுவாங்க. அங்கதான் ஆறே மாசத்தில் சக்கரத் தடம் பள்ளமாகும். ஓரத்தில் கெர்ப் கல் கான்கிரீட்டில் பதிக்கலைன்னா பிளாக் ஒவ்வொண்ணா வெளியே நகர ஆரம்பிக்கும், இடைவெளியில் புல் முளைக்கும். பழி பிளாக் கம்பெனி மேல் போகும்.

செப்டிக், சம்ப் ரெண்டுக்கும் சுற்றி வெட்டின பள்ளத்தைத் திரும்ப எப்படி மூடினாங்கன்னு கேளுங்க. 6 அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணி விட்டுத் திமுசுக்கட்டையால் இடிச்சிருந்தா சரி. ஒரேயடியா கொட்டி மூடியிருந்தா ஒரு மழைக்காலம் அமுங்க விட்டுத்தான் பேவர். அதுவரை கிரஷர் டஸ்ட் (கல் தூள்) பரப்பிக் கார் விடலாம்.

வடக்குவாசல்

ஒரேயடியா கொட்டினதுதான். ஸ்லாபைப் பத்தி இன்ஜினியரிடம் இன்னைக்கே கேட்கிறேன். மழைத்தண்ணிக்கு என்ன பண்றது? இப்போதைக்கு மாடித் தண்ணி குழாய் நேரா தோட்டத்தில் விழுது.

சம்ப்மூடி

2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாச்சு. நடப்பு என்னன்னா மூணடிக் குழி தோண்டி, கல் நிரப்பி, படம் எடுத்துக் காட்டி மூடிடறது. உங்க களிமண்ணில் அந்தக் குழி ஒரு தொட்டி, அவ்வளவுதான்.

கணக்கு: 1000 சதுர அடி மாடியில் ஒரு அங்குல மழை பெய்தா 2,360 லிட்டர். கார்த்திகையில் ஒரு ராத்திரியில் நாலு அங்குலம் கொட்டுறது சாதாரணம். அதைத் தோட்டத்தில் விட்டா செடி எல்லாம் மிதக்கும். முதல் மழையை வெளியே தள்ள ஒரு வால்வு, அப்புறம் ஜல்லி, மணல் வடிகட்டி, அதிலிருந்து சம்புக்கு. உங்க 1400 டிடிஎஸ் தண்ணியில் மழைத்தண்ணி கலந்தாலே செடிக்குப் பெரிய ஆறுதல். சம்ப் நிரம்பி வழியறது ரீசார்ஜ் குழிக்கு. குழி 3 அடி அகலம், 6 அடி ஆழம். அதன் நடுவில் களிமண் அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கு வரும் வரை 6 அங்குலத் துளை போட்டு, துளையிட்ட பிவிசி குழாய் இறக்கணும். செப்டிக் டேங்குக்கு எதிர்ப் பக்கம், முடிஞ்ச அளவு தூரத்தில். சம்புச் சுவரை ஒட்டியும் வேண்டாம்.

கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு அரையடிக் கால்வாய், மேலே கம்பி மூடி. தோட்டத்திலிருந்தும் பேவரிலிருந்தும் வழியறது அதில் விழுந்து குழிக்குப் போகும். சம்பு மூடி மட்டும் தரையிலிருந்து 6 அங்குலம் தூக்கி நிற்கணும். அழகுக்காகப் புல் மட்டத்துக்கு இறக்கினா உரத் தண்ணியும் மண்ணும் குடிதண்ணியில் கலக்கும்.

நாற்றங்கால்

மரத்துக்கு வரேன். வடகிழக்கில் சம்ப், வடமேற்கில் செப்டிக். நடுவில் உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு 10 அடி. மா, வேம்பு, வாதாமரம், மகாகனி எதுவும் கூடாது. வாதாமரத்தின் மேல்வேர் பேவரைத் தூக்கும். செம்மயில்கொன்றையும் (குல்மோஹர்) பெருங்கொன்றையும் சீக்கிரம் நிழல் தரும்னு வைப்பாங்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்ததில் அதுங்க ஏராளம். முருங்கை வாசலில் வேண்டாம், கிளை காற்றில் முறியும், கம்பளிப்பூச்சி வேற. வேலிக்குன்னு கோனோகார்ப்பஸை யாராவது தந்தா வாங்காதீங்க. குஜராத் 2023லும் தமிழ்நாடு 2025லும் அதை நடத் தடை போட்டாச்சு.

உங்களுக்குப் பவளமல்லி. 10, 12 அடிக்கு மேல் விட வேண்டாம், வருஷம் ஒரு தடவை கவாத்து. காம்பவுண்டிலிருந்து 4 அடி தள்ளி. இல்லைன்னா நந்தியாவட்டையை ஒத்தைத் தண்டா ஏத்தி மரமாக்கலாம். பவளமல்லிக்கு ஈரம் தேங்கினா பிடிக்காது, அதனால உயர்த்தின பாத்தியில் வைங்க. குழி 2 அடிக்கு 2 அடி. நர்சரிப் பையைக் கிழிச்சதும் வேர் வட்டமா சுத்தியிருக்கான்னு பாருங்க. சுத்தியிருந்தா நாலு பக்கமும் கத்தியால் மேலிருந்து கீழ் ஒரு கோடு கிழிச்சுட்டு நடுங்க. தண்டின் கழுத்து மண் மட்டத்துக்கு ரெண்டு அங்குலம் மேலே இருக்கட்டும். குழி மண் எப்படியும் இறங்கும். கழுத்து புதைஞ்சா ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பட்டுப்போகும், அப்போ காரணம் யாருக்கும் நினைவு வராது.

சுவர்ப் பக்கத்துக்கு, ரெண்டு வெயிலையும் தாங்குற மாதிரி: ஸ்பைடர் லில்லி, ரியோ, சாங் ஆஃப் இந்தியா. காம்பவுண்டுப் பக்கம் அரளி, செம்பருத்தி. மார்கழியில் பூ குறையும், சாகாது.

கோரையும்_நானும்

புல்லே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா எல்லாரும்? ஒரு சின்ன சதுரமாவது விடுங்கய்யா. வெறும் கூழாங்கல்லும் பேவரும் போட்டா மே மாசம் வாசலில் நிற்க முடியாது. கூழாங்கல்லில் விழுந்த இலையைப் பொறுக்குறதும் தனி வேலை.

மட்டக்குழாய்

ஒத்துக்கறேன். காம்பவுண்டுப் பக்கம் 14க்கு 5 எருமைப் புல். 70 சதுர அடி. அரை அடிக்கு 35 கன அடி மண்தான். பவளமல்லியிலிருந்து 3 அடி தள்ளி. புல்லுக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு வரிசைக் கல் பதிச்சிடுங்க, இல்லைன்னா எருமைப் புல் பாத்திக்குள் ஏறிடும்.

பேவர் போடும் முன் மறக்கக் கூடாத ஒண்ணு: நடைபாதைக்கும் கார் இடத்துக்கும் குறுக்கே அடியில் 2 அங்குல பிவிசி குழாய் ரெண்டு வெறுமனே போட்டு முனையை மூடி வைங்க. ஒண்ணு சொட்டுநீருக்கு, ஒண்ணு விளக்கு ஒயருக்கு. இப்போ அஞ்சு நிமிஷ வேலை. பிறகுன்னா பேவரைப் பேர்க்கணும். தோட்ட விளக்கு 12 வோல்ட், ஐபி65 (தூசியும் தெறிக்கிற தண்ணியும் உள்ளே போகாதது). லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா தானே அணையும் சுவிட்ச்) இல்லாமல் ஈரத் தரையில் மின்சாரம் எடுக்காதீங்க.

வடக்குவாசல்

திருத்தின திட்டம். சரி பார்த்துச் சொல்லுங்க.

கலவை கிடந்த இடத்தை ஒண்ணரை அடி அள்ளியாச்சு, ஒரு டிராக்டர் நிறைய வந்தது. சுவரோரம் ஒரு அடி ஜல்லி. அப்புறம் இரண்டரை அடி அகலப் பாத்தி, 9 அங்குலம் உயரம், மூணடிக்கு ஒரு இடத்தில் ஒரு அங்குலக் குழாய் வடிகால். நடுவில் கேட்டிலிருந்து வாசலுக்கு 4 அடி நடை. காம்பவுண்டுப் பக்கம் 14க்கு 5 புல், அடுத்து பவளமல்லி. கார் இடம் ஒரு மழைக்காலம் கிரஷர் டஸ்ட், தையில் பேவர். இன்ஜினியர் செப்டிக் ஸ்லாபை மாத்தியே ஆகணும்னு சொல்லிட்டார்.

வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை: கோலம் போட இடம்.

சம்ப்மூடி

கோலத்துக்குப் பேவர் உதவாது. இணைப்புக்கு இணைப்பு கோடு உடையும், மாவு இடுக்கில் போய் எறும்பு அடிக்கும். நடையின் கேட் முனையில் 4க்கு 4, மெருகு ஏத்தாத கடப்பாக் கல். நாலு துண்டா வந்தாலும் இணைப்பைச் சிமெண்டால் மட்டமா அடைச்சா போதும். கறுப்புக் கல்லில் கோலம் எடுப்பா தெரியும். தண்ணி தெளிச்சா தேங்காம இருக்க அதுக்கும் அதே வாட்டம், கேட் பக்கம்.

மட்டக்குழாய்

திட்டம் சரி. ஒரு திருத்தம். நடை கேட் உள்பக்கம் திறக்குதா? தரை வீட்டுப் பக்கம் ஏறுது, அதனால 4 அடிக் கதவு உள்ளே வரும்போது அதன் நுனிக்கு அடியில் தரை கிட்டத்தட்ட ஒரு அங்குலம் உயர்ந்திருக்கும். இப்போ கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்குன்னு அளந்து போடுங்க. ரெண்டு அங்குலத்துக்குக் குறைவா இருந்தா கடப்பாக் கல்லைப் பதிக்கறதுக்கு முன்னாடி கீலை உயர்த்தணும், இல்லைன்னா கேட் தினமும் கோலத்தை வழிச்சுட்டுப் போகும்.

வடக்குவாசல்

உள்பக்கம்தான் திறக்குது. அளந்தேன், ஒண்ணேகால் அங்குலம். நாளைக்கு வெல்டர் வர்றார்.